'வில்' நாடகமும் எலிசபெத் காலத் திருச்சபையும்

திருச்சபை வரலாற்று வகுப்பு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, டாப்கிளிஃப் என்று ஒருவர் உண்மையாகவே இருந்தாரா? அவர் நம்மவரா?" என்று வினவினார். அன்று நான் நடத்திய பாடம் எலிசபெத் அரசியாரின் சமயத் தீர்வு. ரோமாபுரிக்கும் ஜெனீவாவுக்கும் இடைப்பட்ட நடுவழியை அவ்வரசியார் தெரிந்துகொண்டார் என்றும், மக்களின் உள்ளங்களுக்குள் சாளரம் திறந்து பார்க்க அவர் விரும்பவில்லை என்றும் ஆண்டுதோறும் சொல்லுகிறபடியே சொல்லி முடித்திருந்தேன். டாப்கிளிஃபின் பெயர் என் குறிப்பேட்டில் எங்கும் இல்லை. அப்பெயரை அம்மாணவர் நூலகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஷேக்ஸ்பியரைப் பற்றிய தொலைக்காட்சி நாடகம் ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டார். அவருடைய மடிக்கணினியிலேயே அந்நாடகத்தை நானும் பார்த்தேன். அவர் கேட்டதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

'வில்' என்னும் இத்தொடர் அமெரிக்காவின் டி.என்.டி. தொலைக்காட்சியில் 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் தொடங்கிப் பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. பார்வையாளர் தொகை குறைவாயிருந்தமையால் அத்தோடு நிறுத்தப்பட்டது. எழுதி உருவாக்கியவர் கிரெய்க் பியர்ஸ். முதற் பகுதியை இயக்கியவர் நம் நாட்டவரான சேகர் கபூர். ஷேக்ஸ்பியராக லாரி டேவிட்சனும், டாப்கிளிஃபாக ஈவன் பிரெம்னரும் நடித்துள்ளனர். கதை 1589ஆம் ஆண்டு லண்டனில் தொடங்குகிறது. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஸ்ட்ராட்ஃபோர்டில் விட்டுவிட்டு, நாடகம் எழுதிப் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கையோடு ஓர் இளைஞன் தலைநகரம் செல்கிறான். அவன் மூட்டையில் ஒரு ஜெபமாலை. ராபர்ட் சவுத்வெல் என்னும் உறவினருக்கு ஒரு கடிதம். அந்தச் சவுத்வெல் அரசின் கண்ணுக்குத் தப்பி ஒளிந்து வாழும் இயேசு சபைக் குரு. கடிதம் கைதவறிப் போகிறது. அரசியாரின் ஏவலில் கத்தோலிக்கரை வேட்டையாடும் டாப்கிளிஃப் அதை எழுதியவரையும் ஏந்தி வந்தவரையும் தேடத் தொடங்குகிறார். ஒருபுறம் ஜேம்ஸ் பர்பேஜின் நாடகக் கொட்டகையும் அவர் மகள் ஆலிஸ் மீது காதலும். மறுபுறம் சிறையும் சித்திரவதையும். இவ்விரண்டுக்கும் நடுவே கவிஞன் வளர்கிறான்.

நாடகத்தின் தோற்றத்தைப் பற்றிச் சுருங்கக் கூறிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் கொட்டகையில் இக்காலத்து முரட்டு இசை ஒலிக்கிறது. கூட்டத்தினர் வண்ணம் பூசிய தலைமயிரோடும் கிழிந்த உடைகளோடும் ஆடுகின்றனர். அக்காலத்து நாடகக் கொட்டகை இளைஞருக்கு எவ்வளவு கிளர்ச்சியூட்டியது என்பதை இக்காலத்தவர் உணர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க நாடகம் அன்று. வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் திரையிட எண்ணுவோர் முதலில் தாங்கள் தனியே பார்த்துவிடுவது நல்லது.

நம்மைப் போன்ற வாசகருக்கு ஒரு செய்தி சுவையானது. இதே சேகர் கபூர் 1998இல் 'எலிசபெத்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அதில் இளம் அரசியார் நம் அன்புக்குரியவர்; சதி செய்வோரும் கொலைக்கருவி ஏந்தி வருவோரும் கத்தோலிக்கர். அதன் தொடக்கக் காட்சியே மேரி அரசியார் காலத்தில் புராட்டஸ்டண்டுகள் தீயில் எரிக்கப்படுவதுதான். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'வில்' நாடகத்திலோ கொல்லப்படுவோர் கத்தோலிக்கர், கொல்லுவோர் நாம். இரண்டு படங்களும் ஒரே நாட்டை, ஒரே அரசியாரின் ஆட்சியைப் பற்றியவை. இரண்டில் எது பொய் என்று கேட்டால், எந்த ஒன்றையும் சுட்டிக்காட்ட இயலாது. எரிக்கப்பட்டோரும் உண்மை, தூக்கிலிடப்பட்டோரும் உண்மை.

கவிஞரின் சமயம்

ஷேக்ஸ்பியர் மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கர் என்பதே நாடகத்தின் அடிப்படை. இதற்குச் சான்றென்ன? நாடகத்தார் ஒன்றுமே இல்லாத இடத்தில் கட்டவில்லை. ஆயினும் அவர்கள் கட்டிய வீட்டுக்குத் தாங்கும் அடித்தளம் இல்லை என்பதே என் கருத்து.

முதலாவதாக, 1585 பெப்ருவரியில் இரட்டைக் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றதற்கும், 1592இல் லண்டனில் ராபர்ட் கிரீன் என்னும் எழுத்தாளர் பெயரில் வெளிவந்த நூலில் பொறாமையோடு சுட்டிக்காட்டப்படுவதற்கும் இடையே, ஷேக்ஸ்பியர் எங்கிருந்தார், என்ன செய்தார் என்பதற்கு ஏறக்குறைய ஆவணமே இல்லை. 1589ஆம் ஆண்டைக் கதைக்குத் தெரிந்துகொண்டவர்கள் இந்த வெற்றிடத்தை அறிந்தே தெரிந்துகொண்டனர். அங்கே எதை வைத்தாலும் மறுக்க ஆளில்லை. அவர் சவுத்வெல்லைச் சந்தித்தார் என்பதற்கும் ஆவணம் இல்லை. சவுத்வெல்லின் தாயார் வழியில் தூரத்து உறவு கூறுவார் உண்டு. சவுத்வெல் தம் பாடல்களை ஓர் உறவினருக்கு உரிமையாக்கி எழுதிய முன்னுரையில், அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுகளுக்குப்பின் வெளிநாட்டில் அச்சான பதிப்பொன்று அவ்வுறவினரின் பெயருக்கு இரண்டு முதலெழுத்துகளைச் சேர்த்தது. அவை ஷேக்ஸ்பியரின் பெயருக்கும் பொருந்தும். வேறு நூறு பேருக்கும் பொருந்தும்.

தந்தையாகிய ஜான் ஷேக்ஸ்பியரைப் பற்றிய சான்று சற்று வலியது. 1592இல் ஆலயத்துக்கு வராதவர்களின் பட்டியலில் அவர் பெயர் உண்டு. ஆனால் கடன்காரர் கைதுசெய்வர் என்று அஞ்சி வராதவர்கள் என்னும் தலைப்பின்கீழ் அது எழுதப்பட்டிருக்கிறது. அது சாக்குப்போக்கா, உண்மையா என்று இன்றைக்குத் தீர்மானிக்க முடியாது. (கடனுக்கு அஞ்சி ஆலயத்துக்கு வராதவர்களை நம் சபைகளிலும் கண்டிருக்கிறோம்.) இதே ஜான், மகன் பிறந்த 1564ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நகரசபையின் கணக்குப் பொறுப்பாளராயிருந்து, நகரக் கூட்டுறவுச் சிற்றாலயத்தின் சுவரோவியங்களை அழிப்பதற்குக் கொடுத்த இரண்டு ஷில்லிங்கைக் கணக்கில் எழுதியவர். அவ்வோவியங்கள் சுரண்டப்படவில்லை, சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. பின்னாளில் சுண்ணாம்பை நீக்கியபோது அவற்றிற் பல வெளிப்பட்டன. அரசாணைக்குக் கீழ்ப்படிந்தும், காலம் மாறினால் உதவும் என்றும் செய்ததாகத் தோன்றுகிறது. அந்நாளைய சாதாரண இங்கிலாந்துக் கிறிஸ்தவரின் நிலையை இச்சுண்ணாம்பு பல நூல்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது என்று எண்ணுகிறேன்.

1757இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் வீட்டுக் கூரையைப் பழுதுபார்த்த கொத்தனார்களுக்கு ஓர் ஆவணம் கிடைத்தது. மரிக்கும்போது கத்தோலிக்க விசுவாசத்தில் நிலைத்திருப்பதாக அறிக்கையிடும் ஆவிக்குரிய உயில் அது. ஜான் ஷேக்ஸ்பியருடையது என்று கருதப்பட்டு 1790இல் அச்சாயிற்று, மூலப்படி தொலைந்துபோயிற்று. நெடுங்காலம் 'கத்தோலிக்க ஷேக்ஸ்பியர்' என்னும் கருத்துக்கு இதுவே முதற் கல்லாயிருந்தது. 2024இல் மேத்தியூ ஸ்டெகிள் என்னும் பேராசிரியர், அதன் மூலமான இத்தாலிய நூல் ஜான் மரித்த 1601ஆம் ஆண்டுக்குப் பின்னரே அச்சானது என்று ஆராய்ந்து, அந்த ஆவணம் கவிஞரின் தங்கை ஜோனுடையதாக இருக்க வேண்டும் என்று வெளியிட்டார். பெயரின் முதலெழுத்து இருவருக்கும் ஒன்றே அல்லவா! இம்முடிவு நிலைத்தால், ஜெபமாலையை மூட்டையில் வைத்துக்கொடுத்த குடும்பம் என்னும் நாடகக் கற்பனையின் ஒரு தூண் சாய்கிறது. எனினும் அக்குடும்பத்தில் ஒரு பெண்மணி பழைய விசுவாசத்தைப் பற்றியிருந்தார் என்னும் செய்தி அதைவிட நமக்கு அருமையானதாகிறது.

கவிஞரைப் பற்றிய ஆவணங்களோ வேறு திசையில் செல்கின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டின் திரித்துவ ஆலயத்தில் 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம். அதே ஆலயத்தில் 1616 ஏப்ரல் 25இல் அடக்கம். அடக்கம் பலிபீடத்தருகே நிகழ்ந்தது அவருடைய பக்திக்காகவோ கவிதைக்காகவோ அன்று. 1605இல் 440 பவுண்டு கொடுத்து அவ்வூர்த் தசமபாகத்தில் ஒரு பங்கை வாங்கியிருந்தார். அதனோடு அந்த இடத்துக்கு உரிமையும் வந்தது. அவருடைய உயில், கிறிஸ்துவின் புண்ணியத்தினாலே மட்டும் இரட்சிப்பு என்னும் நம்பிக்கையைச் சொல்லித் தொடங்குகிறது. (நாம் வழங்கும் 'உயில்' என்னும் சொல்லே ஆங்கில 'வில்' என்பதன் தமிழ் உருவம் என்பதை இங்கே நினைவூட்டலாம்.) அது வழக்கறிஞர் எழுதும் வாய்பாடு என்பர், இருக்கலாம். வாய்பாட்டைக் கொண்டு ஒருவரைப் புராட்டஸ்டண்டு என்று நிறுவுவதும் சரியன்று. அவருடைய நாடகங்களிலுள்ள திருமறை எதிரொலிகள் ஜெனீவாத் திருமறையிலிருந்தும், பேராயர்களின் திருமறை எனப்பட்ட மொழிபெயர்ப்பிலிருந்தும் வந்தவை. 'லியர் அரசன்' நாடகத்தில் வரும் பேய்களின் பெயர்களை, கத்தோலிக்கக் குருமார் பேயோட்டிய முறையை ஏளனம்செய்து சாமுவேல் ஹார்ஸ்நெட் 1603இல் எழுதிய நூலிலிருந்து எடுத்தார். 'மக்பெத்' நாடகத்தில் வாயிற்காவலன் இருபொருள்பட ஆணையிடுவோனை நகையாடும் இடம், 1606 மே மாதம் தூக்கிலிடப்பட்ட இயேசு சபைத் தலைவர் ஹென்றி கார்னெட்டைக் குறிக்கும் என்று பெரும்பாலான உரையாசிரியர் கொள்கின்றனர். கார்னெட் யார்? சவுத்வெல்லோடு ஒரே கப்பலில் இங்கிலாந்துக்கு வந்தவர். சவுத்வெல்லைத் தன் உயிரினும் மேலாக மதித்த கவிஞன் அவ்வாறு எழுதுவானா என்று நாடகத்தார் எண்ணிப்பார்த்திருக்கலாம்.

இதற்கு நேர் எதிராக 'ஹாம்லெட்' நிற்கிறது. தந்தையின் ஆவி, பாவங்கள் சுட்டெரிக்கப்படும் இடத்திலிருந்து வந்ததாகக் கூறுகிறது. அது உத்தரிக்கிற ஸ்தலமன்றி வேறில்லை. நம் முப்பத்தொன்பது விதிகளில் 22ஆவது விதி அதை மறுக்கிறது. அந்த ஆவியின் சொல்லைக் கேட்கும் மகன் படித்த பல்கலைக்கழகமோ விட்டன்பர்க், லூத்தரின் ஊர்! இந்த ஆவியை நம்பலாமா, இது பிசாசின் சூழ்ச்சியா என்று அவன் தடுமாறுவதே பாதி நாடகம். பழைய விசுவாசத்தில் மரித்த பெற்றோரைப் புதிய விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளைகள் எவ்வாறு நினைவுகூருவது? மரித்தோருக்காக ஜெபிப்பதும் நீக்கப்பட்ட பின்பு அந்தத் துயரம் எங்கே போவது? இக்கேள்வி 1600ஆம் ஆண்டு லண்டனில் கொட்டகையில் நின்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் இருந்தது. அதை எழுத ஒருவர் மறைவான கத்தோலிக்கராயிருக்க வேண்டியதில்லை. அடக்க ஆராதனை நடத்தும் எந்த ஆயரும் அதை அறிவார்.

1559ஆம் ஆண்டிலேயே அரசியாரின் பிரகடனம் ஒன்று, சமயத்தையும் அரசாட்சியையும் பற்றிய பொருள்களை மேடையில் நடிக்கலாகாது என்று தடுத்தது. ஆகவே ஷேக்ஸ்பியர் தம் சமயத்தைக் குறித்துப் பேசாமலிருந்தது பெரிய இரகசியம் ஒன்றின் அடையாளமன்று. தம் தொழிலின் நிபந்தனை. மௌனத்தைத் திறவுகோலாகக் கொண்டு உள்ளத்தைத் திறக்க முயலுவது டாப்கிளிஃப் செய்த வேலை. நாடகத்தார் அன்போடு செய்திருந்தாலும் அதையே செய்திருக்கின்றனர் என்பது என் குறை.

டாப்கிளிஃபும் சவுத்வெல்லும்

நாடகத்தில் மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றும் பாத்திரமே வரலாற்றுக்கு மிகவும் நெருங்கியது. ரிச்சர்ட் டாப்கிளிஃப் 1531இல் பிறந்தவர், லிங்கன்ஷயர் நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர். தம் சொந்த வீட்டிலேயே சித்திரவதை நடத்த அரசவையின் அனுமதி பெற்றிருந்தார். மணிக்கட்டுகளில் இரும்புக் காப்பு மாட்டி, கால் நிலத்தில் பதியாதபடி சுவரில் மணிக்கணக்காகத் தொங்கவிடுவது அவர் கையாண்ட முறை. எலும்பு முறியாது; வெளியில் காயமும் அதிகமிராது. சவுத்வெல்லைப் பிடித்தபின் இம்முறையை அரசியாருக்கே கடிதமெழுதி விளக்கினார். ஏதோ நடன அசைவொன்றை வருணிப்பதைப்போல எழுதியிருக்கிறார். அக்கடிதம் இன்றும் உள்ளது. எழுதியவர் கூச்சப்படவில்லை; பெற்றுக்கொண்டவர் கண்டித்ததாகவும் தெரியவில்லை.

சவுத்வெல் நார்ஃபக்கில் ஏறத்தாழ 1561இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கடல்கடந்து துவேயிலும் ரோமிலும் கற்றார். 1578 அக்டோபரில் ரோமில் இயேசு சபையில் சேர்ந்தார். அதே மாதத்தில் அச்சபையைச் சேர்ந்த ஹென்றிக்கு ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று என்பதைத் தமிழ் வாசகர் நினைவுகூரலாம். 1584இல் குருப்பட்டம் பெற்று 1586 ஜூலையில் தாய்நாடு திரும்பினார். திரும்புவதே மரண தண்டனைக்குரிய குற்றம்: வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தில் தங்கினாலே இராசத்துரோகம் என்றும், அவருக்கு இடங்கொடுத்தவருக்கும் மரணம் என்றும் 1585ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆறு ஆண்டுகள் வீடுவீடாக மறைந்து திருவிருந்து பரிமாறினார்; மறைவான அச்சகத்தில் நூல்களும் வெளியிட்டார். நல்ல கவிஞர், பென் ஜான்சன் அவருடைய கவிதையொன்றை மிகவும் போற்றியதாகச் செய்தியுண்டு.

அவர் பிடிபட்ட கதை துயரமானது. ஹாரோவுக்கு அருகே பெல்லமி என்னும் கத்தோலிக்கக் குடும்பம் குருமாருக்கு அடைக்கலம் தந்துவந்தது. அவ்வீட்டு மகள் ஆன் 1592இன் தொடக்கத்தில் சிறைப்பட்டு டாப்கிளிஃபின் கையில் அகப்பட்டார். அங்கே அவருக்கு நேர்ந்ததை இப்பத்திரிகையில் விவரிக்க வேண்டுவதில்லை. கர்ப்பிணியாக வெளிவந்து டாப்கிளிஃபின் வேலைக்காரன் ஒருவனுக்கு மணமுடிக்கப்பட்டார் என்றால் போதும். தன் வீட்டில் எந்நாளில் சவுத்வெல் இருப்பார் என்பதை அவரே சொல்ல நேர்ந்தது. 1592 ஜூனில் சவுத்வெல் பிடிபட்டார். டாப்கிளிஃபின் வீட்டில் வதைபட்டபின் சிறையில் அழுக்கிலும் புழுக்களிலும் கிடந்த அவரைக் கண்ட தகப்பனார், என் மகன் சாவுக்குரியவனானால் கொன்றுவிடுங்கள், அல்லவென்றால் மனிதனைப்போல் நடத்துங்கள் என்று அரசியாருக்கு மனுச்செய்தார். அதன்பின் கோபுரச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு வேதாகமமும் அர்ச். பெர்னார்துவின் நூல்களும் அனுமதிக்கப்பட்டன. இரண்டரை ஆண்டுகளுக்குப்பின், 1595 பெப்ருவரி 20இல் விசாரணை. தாம் பத்துமுறை வதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். மறுநாள் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். 1970இல் ரோமன் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

மாணவர் கேட்ட இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். டாப்கிளிஃப் நம்மவரா? அரசின் பதில் அன்றே ஆயத்தமாயிருந்தது. பர்லி பிரபு 1583இல் வெளியிட்ட நூலில், எவரும் சமயத்துக்காகக் கொல்லப்படவில்லை, இராசத்துரோகத்துக்காகவே கொல்லப்பட்டனர் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டில் வில்லியம் ஆலன் அதற்கு மறுப்பெழுதினார். பர்லியின் வாதத்தை வெறும் பொய்யென்று தள்ள முடியாது. 1570இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபைக்குப் புறம்பாக்கி, அவர் குடிகளைக் கீழ்ப்படிதலினின்று விடுவித்தார். 1588இல் ஸ்பானியக் கப்பற்படை வந்தபோது இதே ஆலன் படையெடுப்பை ஆதரித்தார். அயல்நாட்டுப் படை இறங்கினால் யார் பக்கம் நிற்பாய் என்று பிடிபட்டவரைக் கேட்பதற்கு அரசுக்குக் காரணம் இருந்தது. நாடகத்தில் இப்பின்னணி பெரும்பாலும் இல்லை. ஆகையால் டாப்கிளிஃப் வெறும் கொடிய மனிதனாகத் தோன்றுகிறார். இது அவருக்கும் அநீதி, பார்ப்போருக்கும் அநீதி. கொடியவன் ஒருவன்மேல் பழியைப் போட்டுவிட்டால் அவனுக்கு அனுமதிச் சீட்டில் கையொப்பமிட்டவர்கள் தப்பிவிடுகின்றனர். ஞாயிறுதோறும் பொதுஜெபப் புத்தகத்தைக் கையிலேந்தியவர்களே கையொப்பமிட்டவர்கள்.

சட்டமும் குடும்பங்களை மெதுவாக நசுக்கியது. ஆலயத்துக்கு வராதவருக்கு 1559இல் ஒரு ஷில்லிங் அபராதம். 1581 முதல் மாதம் 20 பவுண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டின் பள்ளி ஆசிரியருக்கு ஓராண்டுச் சம்பளமே 20 பவுண்டு என்றால் அளவு விளங்கும். எலிசபெத் ஆட்சியில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் ஏறத்தாழ 190 பேர். மேரி ஆட்சியில் எரிக்கப்பட்ட புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 280 பேர். இரண்டாம் தொகையை எங்கள் மாணவர் மனப்பாடமாகச் சொல்லுவர். முதல் தொகையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஜான் ஃபாக்ஸின் இரத்தசாட்சிகள் வரலாறு நம் கையில் இருந்தது. அதுவே போதும் என்றிருந்தேன். அந்த ஃபாக்ஸே 1575இல், மறுஞானஸ்நானக்காரர் சிலரைத் தீக்கிரையாக்க வேண்டாமென்று அரசியாருக்கு மன்றாடி எழுதினார் என்பதைக்கூட நான் பின்னரே கற்றேன். அவர் மன்றாட்டு கேட்கப்படவில்லை. இருவர் ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டனர்.

நாடகம் காட்டாதது

நாடகத்தார் கத்தோலிக்கரை மட்டுமே ஒடுக்கப்பட்டோராகக் காட்டியது வரலாற்றைப் பாதியாக்குகிறது. 1593 ஏப்ரல் 6இல் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் என்னும் இருவர் அதே டைபர்னில் தூக்கிலிடப்பட்டனர். மே 29இல் ஜான் பென்ரி என்னும் வேல்ஸ் நாட்டவர் தூக்கிலிடப்பட்டார். மூவரும் புராட்டஸ்டண்டுகள், விசுவாசிகள் தாமாகக் கூடுவதே சபை, அரசு அமைப்பது சபையன்று என்று போதித்தவர்கள். பென்ரி இறந்த மறுநாள், மே 30இல், கிறிஸ்டபர் மார்லோ டெட்ஃபோர்டில் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். நாத்திகர் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் நிலுவையிலிருந்தது. அவர் கேம்பிரிட்ஜில் படித்ததோ, பேராயர் பார்க்கர் நிறுவிய, ஊழியத்துக்கு வருவோருக்கான உதவித்தொகையில்! கோபுரத்தில் சவுத்வெல், தூக்குமரத்தில் பென்ரி, டெட்ஃபோர்டில் மார்லோ: இம்மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைக்க ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு ஆலிஸ் பர்பேஜின் காதலுக்கு அத்தனை நேரம் செலவிட்டது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தேதியையும் பாருங்கள். பாரோவும் கிரீன்வுடும் இறந்து பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 18இல், ஷேக்ஸ்பியரின் முதல் அச்சு நூலான 'வீனசும் அடோனிசும்' அச்சிடுவோர் சங்கப் பதிவேட்டில் ஏறிற்று. சிற்றின்பச் சுவை மிகுந்த காவியம் அது. அதற்கு அனுமதி வழங்கிக் கையொப்பமிட்டவர் காண்டர்பரி பேராயர் ஜான் விட்கிஃப்ட். பாரோவையும் கிரீன்வுடையும் நெடுங்காலம் சிறையில் வைத்து விசாரித்தவர் அவரே. ஷேக்ஸ்பியருக்குத் திருமண உரிமம் வழங்கப்பட்ட 1582இல் அந்த வூஸ்டர் மறைமாவட்டத்தின் பேராயராக இருந்தவரும் அவரே. கவிஞருக்கு அவர் இருமுறை கதவு திறந்தார். தமக்கு மாறாகச் சபையைக் கட்ட எண்ணியவர்களுக்குத் திறக்கவில்லை.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. பாரோவும் பென்ரியும் தந்தையர் என்று போற்றும் சுயாதீன சபையாரின் வழியில் வந்தவர்களே லண்டன் மிஷனிலும், 1834 முதல் மதுரையில் உழைத்த அமெரிக்க மிஷனிலும் பெரும்பாலோர். விட்கிஃப்ட்டின் திருச்சபை வழியே நற்செய்திப் பிரபல்ய சங்கமும் சர்ச் மிஷனரி சங்கமும் வந்தன. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, தூக்கிலிட்ட சபையும் தூக்கிலிடப்பட்ட சபையும் ஒரே அப்பத்தில் பங்குபெற்றன. அன்று அங்கு நின்றவர்களில் எத்தனை பேர் அதை அவ்வாறு எண்ணினர் என்று தெரியாது. நானும் இவ்வளவு காலம் எண்ணியதில்லை. சவுத்வெல்லின் சபையாரோடு அந்த மேசை இன்னும் பொதுவாகவில்லை. மதுரையில் நம் கல்லூரிகளுக்கும் அவர்களுடைய கல்லூரிகளுக்கும் இடையே நூலகப் போக்குவரத்தும் ஐக்கிய வார ஆராதனையும் உண்டு. அவற்றை அற்பமென்று சொல்லமாட்டேன்.

மாணவருக்கு நான் தந்த விடை இது: ஆம், டாப்கிளிஃப் இருந்தார், ஆம், நம்மவர்தான். பாரோவும் நம்மவரே. சவுத்வெல் நம்மவரா என்று அவர் தொடர்ந்து கேட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் இன்றைய நாட்காட்டியில் மே 4ஆம் நாள் சீர்திருத்த காலத்து ஆங்கிலப் புனிதருக்கும் இரத்தசாட்சிகளுக்கும் உரியது என்றும், இரு தரப்பாரையும் அது ஒன்றாக நினைவுகூருகிறது என்றும் அவருக்குக் காட்டினேன். நம் சிற்றாலயத்திலும் அதைக் கொண்டாடலாமே என்றார். மே 4இல் கல்லூரி கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். ஆகையால் பெப்ருவரி 21ஆம் நாள் காலை வழிபாட்டில் சவுத்வெல்லின் பெயரையும், ஏப்ரல் 6இல் பாரோ, கிரீன்வுட் பெயர்களையும் மன்றாட்டில் சேர்த்து வாசிக்கும்படி ஆராதனைக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். குழு அடுத்த மாதம் கூடுகிறது.